நின்ன படத்து நோட்டீஸ்

பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் போனில் பேசுவது எல்லார் காதிலும்தான் விழுகிறது. பேச்சு பாதியில் இருக்கும்போது அவர் இறங்கிப் போய்விட்டால் நாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வோம். பக்கத்துக் கடை அக்கா கூடவே இறங்கிவிடுவாள். திருவொற்றியூரில் ஏறி ராயபுரத்தில் இறங்க வேண்டியவள், ஒரு நாள் பேசின் பிரிட்ஜ் வரைக்கும் போய்விட்டாள். முன் சீட்டுக்காரரின் மகள், நிச்சயம் பண்ணின மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாம். மாப்பிள்ளை வீட்டார் வேன் பிடித்து வந்து வாசலில் நிற்கிறார்களாம். அந்த இடத்தில் மனுஷன் இறங்கிவிட்டார். அக்கா பின்னாலேயே ஓடியிருக்கிறாள்.

"நைனா, கோச்சுக்காத. வேன்ல வந்து நின்னாங்கன்னியே, அப்பால இன்னா ஆச்சு?"

அவர் முதலில் முறைத்திருக்கிறார். பிறகு பாலத்துச் சுவர் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்திருக்கிறார். கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு அக்காவுக்குப் பத்திரிகை வந்தது. மாப்பிள்ளை வேறு.

ராயபுரத்தில் எங்கள் கடைகள் இரண்டும் ஒட்டினாற்போல் இருந்தன. என்னுடையது போட்டோ ஸ்டூடியோ, அக்காவுடையது பிரேம் கடை. செத்துப்போனவர்களின் பாஸ்போர்ட் சைஸ் படத்தை நான் பெரிசாக்கி, பின்னால் நீல வானம் வைத்துக் கொடுப்பேன். அவள் சட்டம் அடித்து, கண்ணாடி போட்டு, மாட்டுவதற்குக் கயிறும் கட்டிக் கொடுப்பாள். சாமி படம், தலைவர் படம், பள்ளிக்கூடத்து குரூப் போட்டோ எல்லாம் வரத்தான் செய்தன. ஆனாலும் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டது சாவுதான், பொய் சொல்வானேன்.

கடை அவள் புருஷன் வீட்டுக் கடை. மாமனாரின் அப்பா காலத்தில் ஆரம்பித்தது. புருஷன் துறைமுகத்து வேலைக்குப் போய்விட்டதால் கண்ணாடி அறுக்கும் வைரம் இவள் கைக்கு வந்தது. சேலைக்கு மேல் ஒரு காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு உட்காருவாள். வேலை நேரத்தில் உதட்டுக்கு நடுவே நாலைந்து சின்ன ஆணி எப்போதும் இருக்கும். அதனால் வாய் ஓரத்தால்தான் பேசுவாள். மற்றதெல்லாம் குழறினாலும் "அப்பால?" மட்டும் சுத்தமாக வரும்.

டிவி சீரியல் பார்க்க மாட்டாள். "முடியாத கதைய இன்னாத்துக்கு தம்பி பாக்கறது" என்பாள். பேப்பரில் திருட்டு, அடிதடி என்று செய்தி வந்தால் அதோடு விட மாட்டாள். எல்லாரும் மறந்துபோன பிறகு, "அந்த நகைக்கட கேசு இன்னா ஆச்சுன்னு போட்டானா?" என்று என் உயிரை எடுப்பாள். ஒரு தடவை ஸ்டேஷனுக்கே நேரில் போய்க் கேட்டாள். "உனக்கு இன்னாம்மா சம்பந்தம்?" என்று விரட்டிவிட்டார்கள். திரும்பி வந்தவளுக்கு வெட்கமே இல்லை. "ஆரம்பிச்சு வச்சது அவங்க, கேட்டா கோவம் வருது பாரு" என்றாள்.

எல்லா நேரமும் இது சிரிப்பாக இருந்ததில்லை. கடலுக்குப் போன புருஷன் திரும்பாத ஒரு பெண், அவன் படத்தைப் பிரேம் போடக் கொடுத்திருந்தாள். வாங்க வந்தவளிடம் அக்கா பேச்சுக் கொடுத்தாள். போட் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை என்று அந்தப் பெண் சொல்ல, இவள் வழக்கம்போல் "அப்பால?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் பெண் படத்தை வாங்காமலே போய்விட்டாள். அக்கா அதை ஒரு துணியால் மூடி அலமாரி மேல் ரொம்ப நாள் வைத்திருந்தாள். பிறகு தானே அந்த வீட்டுக்கு எடுத்துப் போய்க் கொடுத்தாள். வந்ததும் என் கடைப் படியில் உட்கார்ந்து, "எல்லாத்துக்கும் அப்பால கெடையாது தம்பி" என்றாள். அன்றைக்கு அவள் எதுவும் சாப்பிடவில்லை.

இப்படிப்பட்டவள் கையில் போய்ச் சேர்ந்தவைதான் அந்த நோட்டீஸ்கள்.

பழைய பிரேமைப் பிரித்தால் படத்துக்கும் பின்னட்டைக்கும் நடுவில் ஏதாவது காகிதம் இருக்கும். படம் ஆடாமல் இருக்க, கைக்குக் கிடைத்ததை மடித்து வைத்திருப்பார்கள். மாமனாரின் அப்பா அடித்த பிரேம்களில் மட்டும் அது ஒரே வகைக் காகிதமாக இருந்தது. ரோஸ், பச்சை, மஞ்சள் நிறத்தில் மெல்லிசாக, பயாஸ்கோப் நோட்டீஸ். படங்கள் பேச ஆரம்பிப்பதற்கு முந்தைய காலத்து நோட்டீஸ். மேலே பெரிய எழுத்தில் படத்தின் பெயர், கொட்டகை எங்கே, காட்சி எப்போது என்று இருக்கும். கீழே கதை. கதை என்றால் முழுசாக இருக்காது. ராஜகுமாரியைக் கள்வர்கள் தூக்கிப் போகும் இடத்தில் நிறுத்தி, மீதியை வெண்திரையில் கண்டு களிக்கவும் என்று போட்டுவிடுவார்கள்.

முதலில் நான் இதைக் குப்பை என்றுதான் சொன்னேன். அக்கா வேறு விதமாக யோசித்தாள். பிரேம் கடைக்காரருக்கு இவ்வளவு நோட்டீஸ் எங்கிருந்து வந்தது?

"ஓடுன படத்துக்கு நோட்டீசு மிஞ்சுமா தம்பி? கூட்டம் அள்ளிக்கினு பூடும். நின்ன படத்துக்குத்தான் மிஞ்சும். அச்சாபீஸ்ல கட்டு கட்டா கெடந்துருக்கும். கெழவரு எடைக்கு வாங்கியாந்துட்டாரு."

அவள் சொன்னது சரிதான். பாதி நோட்டீஸ்களில் குறுக்கே ஒரு வெள்ளைக் காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. உத்தரவுப்படி இன்றுமுதல் காட்சி இல்லை என்று அதில் இருந்தது. எல்லாம் தகராறு வந்து நிறுத்தப்பட்ட படங்கள். அன்றிலிருந்து பழைய பிரேம் எது வந்தாலும் ஆணியைத் தொடுவதற்கு முன் ஒரு ஒப்பந்தம் பேசுவாள். "முன்னாடி கீறது உன்னுது. பின்னாடி கீறது என்னுது. சம்மதமா?" பின்னால் என்ன இருக்கப்போகிறது என்று சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். சிலர் உடைந்த சாமி படங்களை வீட்டில் வைக்கக்கூடாது என்று அரசமரத்தடியில் சாத்திவிட்டுப் போவார்கள் இல்லையா, அங்கேயும் போய் சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பின்பக்கத்தைப் பிரித்துப் பார்ப்பாள். திரும்ப ஆணி அடித்து, கண்ணாடியைத் துடைத்து, குங்குமம் வைத்துவிட்டுத்தான் வருவாள். வெட்டி மிஞ்சின கண்ணாடித் துண்டுகள் கடையில் நிறையக் கிடக்கும். இரண்டு துண்டுக்கு நடுவில் ஒரு நோட்டீஸை வைத்து ஓரத்தில் டேப் ஒட்டிவிடுவாள். பரண் முழுக்க அதுதான்.

அப்புறம் விசாரணை. அந்தக் கொட்டகை இருந்த தெருவைத் தேடிப் போய், வயசானவர்களைப் பிடித்து, படம் எதற்காக நின்றது என்று கேட்பாள். ஒரு படத்தில் முத்தம் கொடுக்கும் காட்சி இருந்ததால் பெண்கள் திரண்டு வந்து கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டார்களாம். இன்னொன்றில் கூட்டம் கொடி பிடித்துப் போவதைப் பார்த்து வெள்ளைக்கார அதிகாரி விளக்கைப் போடச் சொன்னாராம். மூன்றாவது ஒன்று சாமி படம். அதில் சாமியாக நடித்தவர் ஊருக்கு வந்திருந்தபோது கொட்டகைக்குப் பின்னால் நின்று பீடி பிடித்ததைப் பக்தர்கள் பார்த்துவிட்டார்கள். அதோடு ரகளை.

"அப்பால?" என்பாள் அக்கா. சொன்னவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்ததை அவர்கள் அப்பா சொல்லக் கேட்டது அவ்வளவுதான். படங்களோ எரிந்தும் உருகியும் எப்போதோ இல்லாமல் போய்விட்டன. கதையும் பாதி, சண்டையும் பாதி. முடிவு தெரியாவிட்டால் தூக்கம் வராத ஒருத்தி, முடிவே இல்லாத காகிதங்களைப் போய்ச் சேர்க்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக வரும். கேட்டால், "ஒண்ணாவது முடியாதா இன்னா" என்பாள்.

அந்த ஒன்று காசிமேட்டில் இருந்தது.

எங்கள் தெருவுக்குக் கூடையோடு வரும் மீன்காரம்மா ஒருத்தி உண்டு. கணீர் என்ற குரல். அவள் தாத்தாவின் கதை அந்தக் குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். கடற்கரை மணலில் பயாஸ்கோப் கொட்டகை போட்டிருந்தார்கள். படத்தில் ஒரு மீனவன் வருகிறான். ஊமைப்படம்தானே, அவன் வாய் அசையும், சத்தம் வராது. திரை பக்கத்தில் நின்று கதை சொல்வதற்கென்று ஒரு ஆளை வைத்திருப்பார்கள். அந்த ஆள், மீனவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் குப்பத்துப் பேச்சைக் கோணலாகப் பேசிக் காட்டியிருக்கிறான். பின்னால் நாற்காலிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிக்க, முன்னால் மணலில் உட்கார்ந்திருந்த தாத்தா எழுந்தார். கொட்டகை சாய்ந்தது. போலீஸ் வந்தது. படம் நின்றது. அந்தக் குடும்பத்துக்குக் குப்பத்தில் இருந்த மரியாதையே அந்த அடிதான். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது முதல் செம்பு அவர்கள் வீட்டுக்குத்தான் போகும். தாத்தாவின் ஒரே போட்டோ வீட்டு நடுவில் தொங்கியது. கையில் ஒரு நீளக் கம்பு. அடித்த கம்பு அதுதான் என்று எல்லாரும் கும்பிட்டார்கள்.

நின்றுபோன அந்தக் காட்சியின் நோட்டீஸ் அக்காவின் பரணில் ஏற்கெனவே இருந்தது. அதனால் மீன்காரம்மாவைக் காணும்போதெல்லாம் நச்சரிப்பாள்.

"போலீசு வந்து நிப்பாட்டிச்சு. அப்பால?"

"அப்பால இன்னாக்கா? அடிச்சாரு, கொட்டா படுத்துச்சு. அதோட முடிஞ்சுது."

"அது முடிவு இல்லம்மே. அது இடைவேள."

போட்டோவின் பின்பக்கத்தை ஒரு தடவை பிரித்துப் பார்க்கிறேன் என்று அக்கா கேட்டதற்கு, மீன்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எங்கள் வீட்டு சாமியைப் பிரிப்பாயா என்று கோபம். அந்த பிரேம் இந்தக் கடையில் அடித்தது என்பதற்கு ஓரத்தில் சின்ன முத்திரை இருந்தது. அது வேறு அக்காவைப் பாடாய்ப் படுத்தியது.

கடைசியில் உப்புக் காற்று அக்காவுக்கு உதவி செய்தது. துருப்பிடித்த ஆணி விட்டு, பிரேம் தானாகவே கீழே விழுந்தது. ஒரு நாள் மத்தியானம் மீன்காரம்மா அதைப் புடவையில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி கொண்டுவந்தாள். கண்ணாடி நொறுங்கியிருந்தது. ஒரு துண்டு தாத்தாவின் முகத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா வேணா எடுத்துக்க. தாத்தா மூஞ்சி போவக்கூடாது."

அக்கா வழக்கமாகச் சொல்லும் ஒப்பந்தத்தைக்கூடச் சொல்லவில்லை. "எப்பவும் சொல்லுவியே" என்று அந்தம்மாவே எடுத்துக் கொடுத்தாள். "முன்னாடி எனக்கு. பின்னாடி உனக்கு. சரிதான்."

அக்கா முகத்தைக் கண்ணாடியிலிருந்து பொறுமையாகப் பிரித்தாள். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, ஓரமாக வைத்து, காத்திருந்து, பிளேடு நுனியைத் தலைமுடி அளவுக்கு உள்ளே விட்டு. மீன்காரம்மா பார்க்க முடியாமல், டீக்கடைப் பக்கம் போய் நின்றாள். முகம் முழுசாக வந்தது. மூக்கு ஓரத்தில் மட்டும் ஒரு பொட்டு அளவு உரிந்திருந்தது. அதன் பிறகுதான் அக்கா பின்பக்கத்தைத் திருப்பினாள்.

ரோஸ் நிறக் காகிதம். அதே படம், அதே கொட்டகை. இதில் குறுக்கே வெள்ளைத் துண்டு ஒட்டவில்லை. நான் எட்டிப் பார்த்துப் படித்தேன். "மறுபடியும்! முன் காட்சியில் மனம் நொந்த சமுத்திரக்கரை மகாஜனங்களின் விருப்பப்படி, இக்கதையை அவ்விடத்து ஸ்ரீமான்..." அந்த இடத்தில் தாத்தாவின் பெயர் இருந்தது. "...அவர்களே கோல் பிடித்து விளக்கிச் சொல்வார். பெண்டு பிள்ளைகளுடன் வந்து கண்டு களிக்கவும்."

எனக்குப் படத்திலிருந்த கம்பு சட்டென்று விளங்கியது. அடிக்கிற கம்பின் நுனியை யாராவது அவ்வளவு மெல்லிசாகச் சீவுவார்களா? திரையில் இது ராஜா, இது மந்திரி என்று தொட்டுக் காட்டுகிற கோல் அது. சண்டை போட்டு கொட்டகையைச் சாய்த்தவரையே கொட்டகைக்காரன் கூப்பிட்டிருக்கிறான், இவரும் போயிருக்கிறார். போய், புது வேலைக்கு அடையாளமாகக் கோலோடு போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அக்கா துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நோட்டீஸைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளிவிட்டு, வாயிலிருந்த ஆணிகளை எடுத்துக் கீழே வைத்தாள்.

"தம்பி, இது என்னுது. பின்னாடி கீறது என்னுதுன்னு அதுவே சொல்லிச்சு. நான் வாய மூடிக்கினா அவங்க வூட்டு அடி அப்பிடியே நிக்கும். சொன்னா, அந்தக் கம்பு போவும். கூழு ஊத்துற அன்னிக்கு முதல் செம்பு குடுக்கறவங்க இன்னா சொல்வாங்களோ."

"வுடுக்கா. உனக்குத் தெரிஞ்சுதுல்ல, அது போதும்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். நன்றாகக் கும்பிட்டுக்கொண்டிருக்கும் குடும்பத்தில் எதற்கு வம்பு.

அவள் டீக்கடைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஊரில் எல்லார் வாயையும் கிளறி முடிவைக் கேட்டவள், முடிவு கையில் இருக்கும்போது பயந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அவள் மேல் அவ்வளவு பாசம் வந்ததும் அன்றைக்குத்தான்.

"அவங்க தாத்தா, தம்பி. எனக்குத் தெரிஞ்சு அவங்களுக்குத் தெரியாதுன்னா அது திருட்டு" என்று சொல்லிவிட்டு, மீன்காரம்மாவைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

எதையும் மறைக்காமல் சொன்னாள். மீன்காரம்மா நின்றபடியே கேட்டாள். முகம் கறுத்தது.

"அப்போ அடிக்கலியா?"

"அடிச்சாரு. காட்சி இல்லன்னு ஒட்டுன நோட்டீசு பரண் மேல கீது, காட்டறேன். அடிச்சது நெசம். இது அதுக்கு அப்பால."

"அடிச்சவரையே கூப்ட்டானா?"

"கூப்ட்டான். இவரும் போயிகிறாரு. இது அந்தக் கோலு."

மீன்காரம்மா போட்டோவைக் கையில் வாங்கினாள். தாத்தாவை இப்போதுதான் முதல் தடவை பார்ப்பவள் போல் மேலும் கீழும் பார்த்தாள்.

"அடிச்சிட்டு வந்தவன் எங்க குப்பத்துல வூட்டுக்கு ஒருத்தன் கீறான்க்கா" என்றாள் கடைசியில். "எங்க நம்ம பேச்சப் பாத்து சிரிச்சானோ, அங்கயே போயி நின்னு நம்ம பேச்சப் பேசிட்டு வந்தவரு இவரு ஒருத்தர்தானே. இத்த ஏன் யாரும் எங்களுக்குச் சொல்லல?"

நோட்டீஸை நீயே வைத்துக்கொள் என்று அக்கா நீட்டினாள். அந்தம்மா வாங்கவில்லை. பேச்சு பேச்சுதான், பின்னாடி கீறது உன்னுது என்றுவிட்டாள். நான் அதைப் படம் எடுத்து ஒரு பிரதி போட்டுத் தருவதாகச் சொன்னேன். அது சரி, இப்போது அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படி என்றாள்.

நான் படித்தேன். "வலைஞன் ஒருவன் வலை வீசுங்கால், பேழையொன்று அகப்பட, அதனுள்ளே சூரியப் பிரகாசமான ராஜ சிசுவைக் கண்டு பிரமித்தனன்..."

"நிப்பாட்டு" என்றாள் மீன்காரம்மா. "கடலுக்குப் போறவன் இப்பிடியா பேசுவான்?"

மூலையில் சாத்தியிருந்த சட்டங்களில் நீளமான ஒன்றை உருவிக்கொண்டாள். கடை முன்னால் சாய்த்து வைத்திருந்த பெரிய கண்ணாடியைத் திரையாக்கிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றாள். தெருவில் மீன் விற்ற குரல் அல்லவா, மூன்று கடைக்குக் கேட்டது.

"வல வலிக்கிறான். வெயிட்டா கீது. கொடுவா மாட்டிச்சுன்னு இஸ்தா, பொட்டி. பொட்டிய தொறந்தா உள்ள கொயந்த. 'யார் பெத்த புள்ளம்மா நீ, இப்பிடி நனஞ்சிகினு வந்து கீறியே'ன்னு துண்ட அவுத்துத் தொடைக்கிறான்..."

டீக்கடையிலிருந்து ஆட்கள் கிளாஸோடு வந்து நின்றார்கள். ஆட்டோக்காரர்கள் வந்தார்கள். யாரும் கேலியாகச் சிரிக்கவில்லை, சிரிக்க வேண்டிய இடத்தில் மட்டும் சிரித்தார்கள். பிள்ளை வளர்கிறது. ராஜாவின் ஆட்கள் தேடி வருகிறார்கள். நோட்டீஸில் கதை அதோடு சரி. எனக்கு அது தெரியும், அக்காவுக்கும் தெரியும். மீன்காரம்மா நிற்கவில்லை.

"ராசா வந்து நிக்கறாரு. 'என் புள்ளயக் குடுறா'ங்கறாரு. இவன் வலைய மடிச்சுகினே சொல்றான். 'ராசாவே, கடலு குடுத்தது வூட்டுக்கு. உன் புள்ள மேல உனக்கு ஆசையா கீதா, தெனம் வா. ஒரு வாய் சோறு எங்களோட துன்னுட்டு, பாத்துட்டுப் போ.' ராசா கிரீடத்த கயட்டி மணல்ல வச்சிட்டு உக்காந்தாரு."

யாரோ விசில் அடித்தார்கள். மீன்காரம்மா சட்டத்தைத் திரும்ப மூலையில் சாத்திவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அக்கா அழுதுகொண்டிருந்தாள். மறைக்கவும் இல்லை.

"முடிஞ்சுது தம்பி" என்றாள். "நல்லா முடிஞ்சுது."